எங்கள் ஊர்ப் பட்டாளத்துக்காரர் நினைவுக்கல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் வழியில், கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குவதற்கு முன்னால் இருக்கும் அடிவாரத்துச் சிற்றூர் எங்களுடையது. ஊராட்சி அலுவலக வளாகத்தில் வேப்பமரத்தை ஒட்டி ஒரு கருங்கல் நட்டிருக்கிறோம். இந்த ஊரிலிருந்தும் மேலே மலைக்கிராமங்களிலிருந்தும் படைக்குப் போனவர்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன. கல்லைப் பார்க்க வருகிறவர்களும், தங்கள் ஊரிலும் இப்படி ஒன்று வைக்க நினைப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

போரில் இறந்தவர்கள் பெயரைத்தானே நினைவுச்சின்னத்தில் போடுவார்கள்? திரும்பி வந்தவர்கள் பெயரும் ஏன் இருக்கிறது?

டெல்லியில் 2019 பிப்ரவரி 25 அன்று திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவுச்சின்னம் உயிர்நீத்தவர்களுக்கானது. அங்கே வட்ட வட்டமான சுவர்களில் விடுதலைக்குப் பிறகு இறந்த வீரர்களின் பெயர்கள் கருங்கல்லில் இருக்கின்றன. அது நாட்டின் கணக்கு, அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஊரின் கணக்கு அதைவிடப் பெரியது. பதினெட்டு வயதில் சேலம் ஜங்ஷனில் ரயிலேறி, பனியிலும் பாலைவனத்திலும் கிடந்து, பிள்ளை பிறந்ததை இன்லேண்ட் லெட்டரில் படித்துத் தெரிந்துகொண்டு, காது மந்தமாகி ஊர் திரும்பியவர் எத்தனையோ பேர். பென்ஷன் புத்தகத்தைத் தவிர அவர்கள் பெயர் வேறெங்கும் எழுதப்படவில்லை. அவர்களை ஊர் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப் போவதில்லை. அதனால் போனவர்கள் எல்லோரையும் சேர்த்தோம். உயிர்நீத்தவர் பெயருக்கு முன்னால் மட்டும் ஒரு சிறிய தாமரை மொட்டு செதுக்கியிருக்கிறது.

இது அந்தக் காலத்து நடுகல் மாதிரியா?

ஆமாம், அந்த வழக்கத்தின் தொடர்ச்சியாகத்தான் இதைச் செய்தோம். கல்லைத் தேர்வது, அதை எடுப்பது, நீராட்டுவது, நடுவது, படையலிடுவது, வாழ்த்துவது என்று நடுகல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியமே காட்சி முதல் வாழ்த்தல் வரை படிப்படியாகச் சொல்கிறது. நம்முடைய வட்டாரம் நடுகற்களுக்குப் பேர்போனது. 1965 வரை சேலம் மாவட்டத்தோடு இருந்த தருமபுரிப் பகுதியிலும், செங்கம் பக்கத்திலும் நூற்றுக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. பலவற்றில் ஒரே மாதிரியான செய்தி: இன்ன அரசனின் இத்தனையாவது ஆட்சியாண்டில், இன்ன ஊரில் தொறு, அதாவது மாட்டு மந்தையை மீட்கும் சண்டையில் இன்னார் பட்டார்.

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் உள்ள, மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல்லை நான் எல்லோரிடமும் சொல்வேன். இறந்த வீரனின் பெயரோடு, அவனுடன் நின்று திருடர்களைக் கடித்த நாயின் பெயரும் அதில் வெட்டியிருக்கிறது. கோவிவன் என்பது அந்த நாயின் பெயர். ஏறத்தாழ 1,400 வருஷம் ஆகிவிட்டது, இன்றைக்கும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட முடிகிறது.

இதற்கு எதிர்ப்பக்கம் ஒன்றையும் சொல்ல வேண்டும். முதல் உலகப் போர் முடிந்ததும் வெள்ளைக்காரர்கள் இந்தியக் கிராமங்கள் பலவற்றில் பளிங்குப் பலகை பதித்தார்கள். ‘இந்த ஊரிலிருந்து 1914–1919 பெரும்போருக்குப் போனவர்கள் இத்தனை பேர், உயிர் கொடுத்தவர்கள் இத்தனை பேர்’ என்று அதில் எண்ணிக்கை மட்டும் இருக்கும். ஒரு பெயர்கூட இருக்காது. இராக்கின் பாஸ்ரா நினைவுச்சின்னத்திலும் இந்திய அதிகாரிகளுக்குப் பெயர் வெட்டினார்கள், சிப்பாய்களை எண்ணிக்கையாக்கி விட்டார்கள். போர்க் கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் ஆணையமே 2021 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையில் இப்படிப்பட்ட பாகுபாடு நடந்ததை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. எங்கள் கல்லில் எண்ணிக்கை எங்கேயும் கிடையாது, பெயர்கள் மட்டும்தான்.

எந்தெந்தப் போர்களில் போனவர்கள் இருக்கிறார்கள்?

முதல் உலகப் போரிலிருந்து தொடங்குகிறது. அந்தப் போருக்கு இந்தியாவிலிருந்து கடல்கடந்து போனவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல், திரும்பாதவர்கள் ஏறக்குறைய 74,000 பேர். இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படை 25 லட்சமாகப் பெருகியது, ஏறக்குறைய 87,000 பேர் மாண்டார்கள். பிறகு 1947–48 காஷ்மீர், 1962 சீனப் போர், 1965 பாகிஸ்தான் போர், 1971 வங்கதேசப் போர், இலங்கை, 1999 கார்கில். போர் எதுவும் நடக்காத வருஷங்களில் சியாச்சினிலும் வடகிழக்கிலும் காவல் நின்றவர்களும் உண்டு.

வெள்ளைக்காரனுக்குச் சண்டை போட்டவர்களுக்கு எதற்குக் கல்? நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) இருந்தவர்கள் பெயர் இருக்கிறதா?

இரண்டு பேரும் ஒரே கல்லில், ஒரே அளவு எழுத்தில் இருக்கிறார்கள்.

மழை பொய்த்த வருஷத்தில், கடனுக்கு நிலம் போன வீட்டிலிருந்து பையன் பட்டாளத்தில் சேர்ந்தான். மாதச் சம்பளமும் வீட்டுக்கு மணியார்டரும் அவனுக்குத் தெரிந்த காரணம். அவனைச் சாம்ராஜ்யத்தின் ஆள் என்று இன்று உட்கார்ந்துகொண்டு தீர்ப்புச் சொல்ல எனக்கு மனம் வராது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தபோது சிறைப்பட்ட இந்தியச் சிப்பாய்களில் பல்லாயிரம் பேர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். நேற்று வரை ஒரே பாரக்கில் படுத்திருந்தவர்கள் பர்மா முனையில் எதிரெதிராக நின்றார்கள். இருவரையும் பெற்றது இந்த ஊர்.

சேலம், திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கங்களிலிருந்து கூட்டம் கூட்டமாக மலேயா ரப்பர் தோட்டங்களுக்குப் போனார்களே, அந்தத் தோட்டத் தமிழர்கள்தான் நேதாஜி படையிலும் அதன் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையிலும் பெருமளவில் சேர்ந்தார்கள். அதே தோட்டங்களிலிருந்துதான் ஜப்பானியர்கள் சயாமையும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். காலராவிலும் பட்டினியிலும் அங்கே செத்த தமிழர்களுக்குப் பட்டாள எண்ணும் இல்லை, கல்லறையும் இல்லை. அவர்கள் படைவீரர்கள் இல்லைதான். ஆனாலும் சயாம் போய்த் திரும்பாதவர்கள் என்று வீடுகளில் இன்னும் சொல்லப்படும் பெயர்களைக் கல்லின் பின்பக்கத்தில் வெட்டியிருக்கிறோம். இதில் சிலருக்கு உடன்பாடில்லை. பேசிப் பேசித்தான் முடிவெடுத்தோம், முடிவு சரியென்றே நினைக்கிறேன்.

இலங்கைக்கு அமைதிப்படையில் போனவர்கள் பெயரைச் சேர்த்தது சரியா?

கேட்கிறவர்களின் வேதனை எனக்குப் புரிகிறது. 1987 முதல் 1990 வரை அங்கே நடந்தவை தமிழ்நாட்டில் ஆறாத ரணம். இந்தியத் தரப்பில் ஏறக்குறைய 1,200 பேர் இறந்தார்கள், ஈழத்தமிழ்ப் பொதுமக்கள் பட்ட பாடு சொல்லி முடியாது. அங்கே அனுப்பப்பட்ட தமிழ்ச் சிப்பாய், தன் மொழியில் அழுகிறவர்கள் முன்னால் துப்பாக்கியோடு நிற்க வேண்டியிருந்தது. திரும்பி வந்தபிறகு அதைப் பற்றி வாயே திறக்காதவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் பெயரை மறைத்தால் அந்த மௌனத்துக்கு நாமும் துணைபோனதாகும். ஆகவே, பெயர், அதற்கு எதிரே ‘இலங்கை’, வருஷம். வேறு அடைமொழி இல்லை.

எங்க அப்புச்சி மிலிட்டரியில் இருந்தார் என்று அம்மா சொல்வார். காகிதம் ஒன்றும் இல்லை. பெயர் சேர்க்க முடியுமா?

முடியும். ஆனால் தேட வேண்டும். கல்லில் ஒருமுறை உளி இறங்கிவிட்டால் அழிக்க வழியில்லை. வாய்ச்சொல்லை மட்டும் நம்பி நாங்கள் பெயர் வெட்டுவதில்லை.

முதலில் வீட்டுப் பரணில் இருக்கும் தகரப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் ஆணை, பழைய ரேஷன் கேன்டீன் அட்டை, யூனிட் பெயர் பொறித்த குரூப் போட்டோ, எது கிடைத்தாலும் வழி திறக்கும். அதில் பார்க்க வேண்டியது படை எண். ஆளின் பெயரைவிட அந்த எண்ணுக்குத்தான் ஆவணக் காப்பகம் பதில் சொல்லும்.

மெடல் இருந்தால் அதன் முகப்பைப் பார்க்காதீர்கள், விளிம்பைப் பாருங்கள். வெயிலில் சாய்த்துப் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்து, நாணயத்தின் விளிம்பு போன்ற அந்த ஓரத்தைச் சுற்றிப் படித்தால் எண், பதவி, பெயர், படைப்பிரிவு நாலும் பொடி எழுத்தில் இருக்கும். முதல் உலகப் போர் மெடல்களில் இப்படிப் பொறித்திருக்கிறார்கள், இந்தியச் சிப்பாய்களுக்குக் கொடுத்த இரண்டாம் உலகப் போர் மெடல்களிலும் உண்டு. தயவுசெய்து புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்காதீர்கள். பளபளப்பு வரும், எழுத்து போய்விடும். முதல் போரில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு உள்ளங்கை அகலத்தில் வட்டமான வெண்கலப் பலகை ஒன்று அனுப்பினார்கள். பெயர் மட்டும் பொறித்திருக்கும், பதவி இருக்காது. பித்தளைத் தட்டு என்று நினைத்துப் பழைய பாத்திரக்காரரிடம் போட்டுவிட்டவர்கள் உண்டு.

படைப்பிரிவின் பெயரைச் சரிபார்க்கச் சில குறிப்புகள். ‘தாத்தா மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருந்தார்’ என்று பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். அந்த ரெஜிமெண்டின் வேர் 1758 வரை போகிறது. ஆனால் 1920களில் சிக்கனம் என்று சொல்லி மதராஸ் காலாட்படைப் பட்டாளங்களைக் கலைத்துவிட்டு, 1941-இல்தான் மறுபடி எழுப்பினார்கள். 1935-இல் அதில் இருந்தார் என்றால் ஏதோ இடறுகிறது என்று பொருள். அநேகமாக அவர் பாலமும் பாதையும் போடும் பொறியியல் படையான சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸாக இருப்பார். இன்று பெங்களூரில் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் என்று இருக்கும் அந்தப் படைக்காரர்களைத்தான் ராணுவம் முழுக்கத் ‘தம்பி’ என்று கூப்பிடும். முதல் உலகப் போர்க் காலத்துக் காகிதத்தில் கர்நாடிக் இன்ஃபன்ட்ரி, பயனியர்ஸ் என்றெல்லாம் மதராஸ் பட்டாளங்களின் பெயர் இருக்கும். ஆர்.ஐ.ஏ.எஸ்.சி. என்று இருந்தால் சப்ளை, போக்குவரத்து பார்த்த சர்வீஸ் கோர்.

பிரிவு தெரிந்துவிட்டால் அந்தப் பிரிவின் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்கு எழுதலாம். மெட்ராஸ் ரெஜிமெண்டுக்குக் குன்னூர் பக்கத்து வெலிங்டன், தம்பிகளுக்கும் சர்வீஸ் கோருக்கும் பெங்களூரு, தகவல் தொடர்பு பார்க்கும் சிக்னலுக்கு ஜபல்பூர், பீரங்கிப் படைக்கு நாசிக், வண்டி, ஆயுதங்களைப் பழுதுபார்க்கும் இ.எம்.இ.க்கு செகந்திராபாத். சேலத்தில் இருக்கும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டால் கடிதம் எப்படி எழுதுவது என்பதிலிருந்து வழிகாட்டுவார்கள்.

உலகப் போர்களில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் தேடுங்கள். 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரையும், 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரையும் படைப்பணியில் இறந்தவர்கள் அதில் அடக்கம். போர் முடிந்தபிறகு மருத்துவமனையில் காய்ச்சலில் இறந்தவரும் இருக்கக்கூடும். நம் பெயர்களை வெள்ளைக்கார கிளார்க் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார் என்பதால் முனுசாமியை நாலைந்து விதமாக எழுதித் தேட வேண்டும். பல பதிவுகளில் தகப்பனார் பெயர், ஊர், தாலுகா எல்லாம் இருக்கும். ‘ஆத்தூர், சேலம்’, ‘ஓமலூர், சேலம்’ என்று பார்க்கும்போது நெஞ்சு அடித்துக்கொள்ளும். இந்துச் சிப்பாய்களைத் தகனம் செய்ததால் கல்லறை இருக்காது, பெயர்தான் இருக்கும். பர்மாவில் மாண்டவர்களுக்கு ரங்கூன் அருகே தாக்யான் நினைவுச்சின்னம், பிரான்சில் மாண்டவர்களுக்கு நவ் ஷபேல். சென்னை நந்தம்பாக்கத்தில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தையும் ஒருதரம் குடும்பத்தோடு போய்ப் பாருங்கள்.

எவ்வளவு தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால், அவரை நேரில் அறிந்த, அந்தக் குடும்பத்தைச் சேராத மூத்தவர்கள் இருவர் எழுதிக் கொடுத்தால் தனிப் பேரேட்டில் பதிவு செய்கிறோம். கல்லுக்கு ஏறுவது ஆதாரம் வந்தபிறகு.

சமையல்காரர், டிரைவர், முடி திருத்துபவர், சலவைக்காரர் எல்லாம் படைவீரர் கணக்கில் வருவார்களா?

வருவார்கள். லடாக்கின் லே சாலையில் லாரி ஓட்டியவர் பார்த்த பள்ளத்தாக்கை, துப்பாக்கி பிடித்தவரும் பார்த்திருக்க மாட்டார். உலகப் போர்களில் சுமை தூக்கவும் ஸ்ட்ரெச்சர் சுமக்கவும் போனவர்கள் ஆயுதமில்லாமலே குண்டு மழைக்குள் நடந்தார்கள். பழைய பட்டியல்களில் ‘ஃபாலோயர்’ என்று ஓரங்கட்டப்பட்டவர்கள் அவர்கள்தான்.

சி.ஆர்.பி.எஃப்., எல்லைப் பாதுகாப்புப் படை, அக்னிவீர், ராணுவ நர்ஸ்?

எல்லாரும் உண்டு. அக்னிவீரராக நாலு வருஷம் முடித்து வரும் பிள்ளைக்கும் அதே வரிசையில் இடம்.

பெயர்களை எந்த வரிசையில் வைத்திருக்கிறீர்கள்?

போர்வாரியாகப் பிரித்து, அதற்குள் அகரவரிசை. சுபேதார் மேஜரும் சிப்பாயும் அடுத்தடுத்து வருவார்கள். பதவி பெயருக்குப் பின்னால் சிறிய எழுத்தில் இருக்கும், அதுவும் டிஸ்சார்ஜ் புக்கில் உள்ளபடி. நாயக்காக ஓய்வு பெற்றவரை ஊரார் அன்பாகச் சுபேதார் என்று கூப்பிட்டிருக்கலாம், கல்லில் நாயக்தான்.

சாதிப் பெயர் கிடையாது. வெள்ளைக்காரன் காலத்துப் பதிவேடுகளில் ஒவ்வொருவருக்கும் சாதி எழுதி, அதை வைத்தே எந்தப் பட்டாளம் என்று பிரித்தார்கள். அதை நாம் சுமக்க வேண்டாம். ஊர்த்தெரு, காலனி, மலைக்கிராமத்து மலையாளிப் பழங்குடி வீடுகள், சர்ச் தெரு, பள்ளிவாசல் தெரு, எல்லாப் பெயர்களும் அகரவரிசையில் கலந்தே நிற்கின்றன. ‘எங்க வகையறா பெயர் மேலே வரணும்’ என்று கேட்டவர்கள் உண்டு. அகர வரிசைக்கு முன்னால் அந்தப் பேச்சு எடுபடவில்லை. உங்கள் ஊரில் கல் வைப்பதென்றால் கல் வாங்குவதற்கு முன்பே இதை முடிவு செய்து, தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிடுங்கள்.

பணம் கொடுத்தவர்கள் பெயர் எங்கே?

கல்லில் இல்லை. உபயதாரர் பெயர் தடித்த எழுத்திலும் உயிரைக் கொடுத்தவன் பெயர் பொடி எழுத்திலும் இருக்கும் கல்வெட்டைப் பார்த்தால் வயிறு எரிகிறது. வரவு செலவுக் கணக்கு ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டியிருக்கிறது, நன்கொடையாளர் பெயர்கள் எல்லாம் அதில் உள்ளன.

சிங்கமுகத் தூண், தலைகீழ்த் துப்பாக்கி, ஹெல்மெட் எதுவும் ஏன் செதுக்கவில்லை?

நான்முகச் சிங்கம் அரசின் சின்னம். நினைத்தவர்கள் பயன்படுத்த 2005-ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது. தலைகீழ்த் துப்பாக்கியும் ஹெல்மெட்டும் களத்தில் விழுந்தவனுக்கான அடையாளம். பெரும்பாலோர் உயிரோடு திரும்பிய பெயர்களுக்கு மேல் அதை வைப்பது பொருந்தாது, சிலர் இன்றும் தினமும் அந்தக் கல்லைத் தாண்டித்தான் டீக்கடைக்குப் போகிறார்கள்.

திறப்பு விழாவில் தேசியக் கொடியால் கல்லை மூட நினைப்பவர்கள் கவனிக்கவும். கொடி தனியாகப் பறக்க வேண்டும், மூடுதுணியாகக் கூடாது. வெள்ளைத் துணி போதும்.

எங்கள் ஊரில் ரோட்டோரம் இடம் இருக்கிறது. வைக்கலாமா?

வேண்டாம். பொதுச் சாலையிலும் நடைபாதையிலும் சிலை, கட்டுமானம் எதற்கும் அனுமதி தரக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரியில் ஆணையிட்டிருக்கிறது. சாலை அகலப்படுத்தும்போது முதலில் பெயர்வதும் அப்படிப்பட்ட கல்தான். ஊராட்சி வளாகம், பள்ளி மைதானத்தின் ஓரம், யாராவது எழுதிக் கொடுத்த பட்டா நிலம், இவற்றில் ஒன்றைப் பாருங்கள். கிராம சபையில் தீர்மானம் போட்டு, வருவாய்த்துறையிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். மலைமேல் என்றால் வனத்துறை எல்லையைச் சர்வேயரை வைத்து அளந்தபிறகே குழி தோண்டுங்கள்.

கல்லுக்கு மாலை போடலாமா? கற்பூரம், பாலாபிஷேகம்?

பூவும் மாலையும் தாராளமாக. மாலையில் கம்பி இல்லாமல் நூலில் கட்டியதாகக் கொண்டு வாருங்கள், கம்பி கீறிய கோடு போகவே போகாது. கற்பூரமும் அகலும் ஏற்ற முன்னால் தனி மேடை இருக்கிறது. எண்ணெய், பால், மஞ்சள் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். எண்ணெய்ப் பிசுக்கில் தூசி படிந்து எழுத்துக் குழி அடைந்துவிடும். மேலும் இது ஒரு மதத்தார் கல் அல்ல, அவரவர் பிள்ளைகள் அவரவர் முறைப்படி வந்து நிற்க வேண்டிய இடம்.

சுத்தம் செய்ய வெறும் தண்ணீரும் மிருதுவான நார் பிரஷும் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மலையடிவாரத்தில் பாசி பிடிக்கும். ஆசிட்டும் இரும்பு பிரஷும் தொடவே கூடாது. பழைய கல்வெட்டுகள் பலவும் அழிந்தது வருஷா வருஷம் ஆர்வமாகப் பூசிய சுண்ணாம்பிலும் பெயிண்டிலும்தான்.

எந்த நாளில் எல்லோரும் கூடுகிறீர்கள்?

டிசம்பர் 7 கொடிநாள், டிசம்பர் 16 வங்கதேசப் போர் வெற்றி நாள், ஜூலை 26 கார்கில் நாள் மூன்றிலும் பள்ளிப் பிள்ளைகள் பூ வைப்பார்கள். ஆனால் ஊரே கூடுவது ஜனவரி 15. 1949-இல் கரியப்பா முதல் இந்தியத் தளபதியாகப் பொறுப்பேற்ற ராணுவ நாள் அது. பொங்கலை ஒட்டி வருவதால் லீவில் வந்த பையன்கள் இருப்பார்கள், திருப்பூரிலும் பெங்களூரிலும் வேலை செய்கிறவர்களும் ஊரில் இருப்பார்கள். அன்றைக்கு மைக்கில் பேச்சு கிடையாது. ஒருவர் பெயர்களை வரிசையாகப் படிப்பார், அந்தந்த வீட்டார் ‘இருக்கிறோம்’ என்று குரல் கொடுப்பார்கள். குரல் கொடுக்க வீட்டார் யாரும் மிஞ்சாத பெயர்களுக்குக் கூடியிருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து சொல்வோம்.

எங்கள் வீட்டுப் பெயர் விட்டுப்போயிருக்கிறது. இப்போது சேர்க்க இடம் உண்டா?

உண்டு. ஒவ்வொரு போருக்கும் கீழே வெற்றிடம் விட்டுத்தான் வெட்டச் சொன்னோம். டிஸ்சார்ஜ் புக் அல்லது பென்ஷன் ஆணையின் நகல், மெடல் இருந்தால் விளிம்பைக் கிட்டத்தில் எடுத்த படம், பெயரைத் தமிழில் எப்படி எழுத வேண்டும் என்று குடும்பத்தார் கையெழுத்திட்ட தாள், இவற்றை ஊராட்சி அலுவலகத்தில் கொடுங்கள். இன்ஷியலையும் அதில் தெளிவாக எழுதுங்கள். காகிதத்தில் எழுதிய மாதிரியை உங்களிடம் காட்டி, எழுத்தெழுத்தாகப் படித்துக் காண்பித்து, நீங்கள் சரி என்ற பிறகே சிற்பியைக் கூப்பிடுவோம்.